அடைக்கலமும் அரணும்



பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். கதவை என்றென்றும் மூடி வைப்பதற்காக எவரும் பூட்டுச் செய்வதில்லை. உரியவருக்குத் திறக்கவும், உரிமையில்லாதவருக்குத் திறவாமல் நிற்கவுமே அது செய்யப்படுகிறது. நாட்டின் எல்லைக்கும் இத்தகைய பூட்டு ஒன்று உண்டு. உயிருக்கு அஞ்சி ஓடிவரும் ஒருவருக்கு அஃது எப்பொழுது திறக்கவேண்டும்? நாட்டின் பாதுகாப்பை எண்ணி எப்பொழுது இறுகவேண்டும்? இவ்வினா இக்காலத்து அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில் 250 ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்த வினா அது. அதே சமவெளியில் இன்றும் விடை தேடி நிற்கும் வினா. ஆதலின், திண்டுக்கல் வட்டார வரலாற்றையே சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் சொற்களின் பொருளைத் தெளிவோம். கதியற்றவர் அகதி. அவர் நாடிச் செல்லும் இடம் புகலிடம். அவ்விடத்தார் அவருக்கு அளிக்கும் காவல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே அடைக்கலக் காதை எனப் பெயர் பெற்றுள்ளது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கும் செய்தி அதிற் கூறப்படுகிறது. அடைக்கலப் பொருளைக் காத்தல் தலையாய அறம் என்பது நம்முடைய தொன்றுதொட்ட கொள்கை. ஆயினும், தனி மனிதர் அளிக்கும் அடைக்கலம் வேறு, அரசு அளிக்கும் அடைக்கலம் வேறு. மாதரி தன் வீட்டை மட்டும் எண்ணினால் போதும். அரசோ தன் குடிகள் அனைவரையும் எண்ணவேண்டும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

1772-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஆர்க்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் போரில் மாண்டார். அவருடைய அரசி வேலுநாச்சியார், மகள் வெள்ளச்சியுடனும், அமைச்சர் தாண்டவராய பிள்ளையுடனும், மருது சகோதரர்களுடனும் தம் சீமையை விட்டு வெளியேறினார். அவர்கள் வந்து சேர்ந்த இடம் திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி செல்லும் வழியிலுள்ள விருப்பாச்சி. அப்பாளையத்தின் தலைவர் கோபால நாயக்கர் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அரசியார் இவ்வட்டாரத்திலேயே தங்கியிருந்தார்.

நவாபின் படையும் கம்பெனியின் படையும் அவரைத் தொடர்ந்து வந்து சிறைபிடிக்காதது ஏன்? திண்டுக்கல் அப்பொழுது மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1755-இல் மைசூரின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்து, இங்கிருந்தே தம் வலிமையைப் பெருக்கிக்கொண்டவர் ஐதர் அலி. விருப்பாச்சியில் கைவைப்பது ஐதர் அலியோடு போர் தொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, அரசியாரைக் காத்தது கோபால நாயக்கரின் அறவுணர்வு மட்டுமன்று. எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்ற மற்றோர் அரசின் வலிமையும் ஆகும்.

அடுத்து நிகழ்ந்ததைக் கருத்துடன் நோக்குங்கள். தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரில் ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். ஐயாயிரம் குதிரைவீரரும் ஐயாயிரம் காலாட்படையினரும் வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் அரசியாரே ஐதர் அலியிடம் தம் நிலையை உருது மொழியில் எடுத்துரைத்தார் என்று வரலாறு கூறுகிறது. திண்டுக்கல் கோட்டையிலிருந்து படையுதவி கிடைத்தது. 1780-இல் வேலுநாச்சியார் மருது சகோதரர்களுடன் புறப்பட்டுச் சிவகங்கைச் சீமையை மீட்டார். அந்நியரை எதிர்த்துத் தம் நாட்டை மீட்ட அரசியார் என அவரை நாம் போற்றுகிறோம். அப்போற்றுதல் முற்றிலும் தகும்.

ஆனால், வரலாற்று மாணவர் மற்றொரு பக்கத்திலிருந்தும் பார்க்கக் கற்கவேண்டும். நவாபின் அரண்மனையிலிருந்து பார்த்தால், விருப்பாச்சியில் நடந்தது யாது? அண்டை நாட்டார் தம் பகைவருக்கு இடங்கொடுத்தனர், படை திரட்ட விட்டனர், படைக்கலமும் கொடுத்தனர். புகலிடம் பாசறையாக மாறிற்று. இன்று உலகத்து அரசுகள் எல்லாம் அஞ்சுவது இதனையே. அடைக்கலம் என்னும் ஒரே செயல், பெறுவோர்க்கு உயிராகவும், கொடுப்போர்க்கு அறமும் அரசியலுமாகவும், எதிரில் நிற்போர்க்கு அச்சுறுத்தலாகவும் தோன்றுகிறது. இம்மூன்று முகங்களுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கூறுவோர் தவறிழைப்பர்.

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கம்பெனியின் கைக்கு மாறியது. அதன் விளைவை இவ்வாறு காண்க. முன்பு இரண்டு ஆட்சிகள் இருந்தமையால் ஒன்றிலிருந்து தப்பியவர் மற்றொன்றில் புகலடைய முடிந்தது. இப்பொழுதோ ஒரே அதிகாரம் எங்கும் பரவியது. புகலிடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பிய வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையின் காட்டில் மறைந்திருந்தபோது பிடிபட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமான் அவரைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, பின்னர் மருது சகோதரர்களிடம் சென்றடைந்தார். அவரை ஒப்படைக்க அவர்கள் இசையவில்லை. அவ்வாறு இசையாமையும் கம்பெனி அவர்கள்மீது போர் தொடுத்ததற்கு ஒரு காரணமாயிற்று. 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர். கம்பெனியை எதிர்த்துத் திண்டுக்கல் வட்டாரப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டிய கோபால நாயக்கரும் அதே ஆண்டில் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். 1802-இல் எழுபத்துமூவர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்குள், அடைக்கலம் அளித்தல் என்பது அறமாக இருந்த நிலை மாறிக் குற்றமாயிற்று.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சிப் பல்லாயிரவர் அந்நாட்டுக்குத் தப்பி வந்தனர். அவர்களிடையே ஒற்றரும் கலந்திருப்பர் என ஆட்சியாளர் ஐயுற்றனர். 1793-இல் அயலார் சட்டம் பிறந்தது. வந்திறங்குவோர் துறைமுக அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஐயத்துக்குரியோரை அரசு வெளியேற்றலாம். பதிவு, விசாரணை, வெளியேற்றம் என இன்றைய சட்டங்களில் காணும் மூன்று கூறுகளும் அன்றே தோன்றிவிட்டன.

ஐயம் எல்லை கடந்தால் என்ன நேரும் என்பதற்கும் அதே நாடு சான்றாகும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்தோரைப் பிரிட்டன் தனித்தனியே விசாரித்து மூன்று வகுப்பாகப் பிரித்தது. மூன்றாம் வகுப்பினர் ஆபத்தற்றவர் என முடிவாயிற்று. அவர்களுள் பலர் இட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர். ஆயினும், 1940-இல் பிரான்சு வீழ்ந்து படையெடுப்பு அச்சம் சூழ்ந்ததும், அவ்வகுப்புப் பிரிவினை மறக்கப்பட்டது. ஆபத்தற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றோரும் ஆயிரக்கணக்கில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். சிலர் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். தவறுணர்ந்து பெரும்பாலோரை அரசே பின்னர் விடுவித்தது. இட்லரை எவரினும் மிகுதியாக வெறுத்த மக்களையே இட்லரின் ஆட்கள் என்று அஞ்சியது எத்துணைப் பேதைமை!

இப்பட்டறிவிலிருந்து பிறந்ததே 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்துள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்று அதன் 33-ஆம் பிரிவு விதிக்கிறது. அதே பிரிவின் இரண்டாம் பகுதி ஒரு விலக்கையும் கூறுகிறது. அடைக்கலம் அளித்த நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் எனக் கருதத் தக்க காரணம் உடையவர் இக்காப்பினைக் கோர முடியாது. ஆகவே, நாட்டின் பாதுகாப்பு என்பது அடைக்கல அறத்துக்குப் புறத்தே நிற்பதன்று. அவ்வறத்தின் விதிகளுக்குள்ளேயே அதற்கும் இடமுண்டு. ஆனால் அவ்விலக்கு குறிப்பது தனி ஒருவரையே அன்றி, ஓர் இனத்தையோ கூட்டத்தையோ அன்று. இஃது உள்ளத்திற் பதிக்கத்தக்க வேறுபாடு.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்க்கு எதிராக நிகழ்ந்த கொடுமைகளால், மக்கள் படகேறி இராமேசுவரக் கரைக்கு வரலாயினர். 1983 முதல் 2012 வரை தமிழ்நாட்டுக்கு வந்தோர் தொகை 3,04,269 என மத்திய உள்துறையின் கணக்கு கூறுகிறது. மண்டபத்தில் விசாரணையும் பதிவும் முடிந்தபின் அவர்கள் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். திண்டுக்கல் மாவட்டத்தில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. முதலில் அரசும் மக்களும் அவர்களைத் திறந்த மனத்துடன் ஏற்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்ந்தனர்.

அதே ஆண்டுகளில், இலங்கைப் போராளிக் குழுக்களுக்கும் இந்திய மண்ணில் இடமும் பயிற்சியும் கிடைத்தன. ஐதர் அலியின் திண்டுக்கல்லில் கண்டது போலவே, அறமும் அரசியலும் இங்கும் பின்னிக் கிடந்தன. 1987-இல் இந்திய-இலங்கை உடன்படிக்கை ஏற்பட்டது. இந்திய அமைதிப்படை அங்குச் சென்று விடுதலைப் புலிகளுடன் போரிட நேர்ந்தது. நண்பர் பகைவராயினர். 1990 ஜூனில் சென்னையிலேயே ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணித் தலைவர் பத்மநாபாவும் அவருடன் இருந்தோரும் கொல்லப்பட்டனர். 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அவருடன் காவலரும் பொதுமக்களும் மாண்டனர். அகதிகளின் வரவோடு கலந்து வந்தோரும் அச்சதியில் தொடர்புற்றிருந்தனர் என்பது வழக்கில் வெளிவந்தது.

அதன்பின் பூட்டு இறுகிற்று. 1992 மே 14-இல் விடுதலைப் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டது. முகாம்களில் வருகைக் கணக்கெடுப்புக் கடுமையாயிற்று. வெளியே செல்ல இசைவு பெறவேண்டியதாயிற்று. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் பணிபுரிவது தடைப்பட்டது. உயர்கல்விச் சேர்க்கையில் அகதி மாணவர்க்கு இருந்த சலுகைகள் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்தே மீண்டன. 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்தின்கீழ், ஐயத்துக்குரியோர் வேலூர்க் கோட்டை, செங்கற்பட்டு முதலிய இடங்களிலிருந்த சிறப்பு முகாம்களில் வைக்கப்பட்டனர். 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டையிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். அரசின் அச்சம் வெறுங் கற்பனையன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

1992 ஜனவரி முதல் 1995 மார்ச்சு வரை 54,000-க்கு மேற்பட்டோர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் மனமுவந்தே சென்றனர் என்று அரசு கூறிற்று. புரியாத மொழியிலமைந்த படிவங்களில் கையொப்பம் பெறப்பட்டதாகக் குறை எழுந்தது. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1992-இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம், செல்வோரின் விருப்பத்தை நேரில் கேட்டறிய இசைவு பெற்றது. நீதிமன்றமும் வெளியார் ஒருவரின் கண்ணும் இருந்தமையால், பூட்டு ஓரளவு நிதானத்துடன் இயங்கலாயிற்று.

இங்கே நடுநிலையோடு ஒரு கேள்வி கேட்போம். இந்நடவடிக்கைகள் தேவையா, அல்லவா? தலைவர் ஒருவர் நம் மண்ணில் கொல்லப்பட்டபின், எந்த அரசும் கைகட்டி இருக்க இயலாது. வருவோரை விசாரித்தலும், படைக்கலம் ஏந்தியோரைப் பிரித்து வைத்தலும் கடமையே. ஆனால் ஒரு மாணவிக்குக் கல்லூரியில் இடம் மறுத்ததால் எந்தச் சதி தடைபட்டது? போரில் கணவனை இழந்து வந்த தாய், மாலைக் கணக்கெடுப்புக்கு ஓடிவர நேர்ந்ததால் எந்தத் துப்பாக்கி அகப்பட்டது? புலிகளுக்கு அஞ்சி ஓடிவந்தோரும் முகாம்களில் இருந்தனர். இயக்கத்தின் குற்றம் அதற்குத் தப்பி வந்தோர் தலையிலும் ஏறிற்று. 1940-இல் பிரிட்டன் செய்த தவற்றின் சாயலை இங்கும் காண்கிறோம்.

சட்டத்தின் நிலையையும் சுருங்கக் காண்போம். இந்தியா 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலோ கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அகதியும் அயல்நாட்டாரே. அயல்நாட்டாரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு முழுமையாக உண்டென்று உச்ச நீதிமன்றம் 1955-இலேயே, ஹான்சு முல்லர் என்பாரின் வழக்கில் கூறிவிட்டது. நாட்டில் எங்கும் சென்று வாழும் உரிமையைத் தரும் 19-ஆம் உறுப்பு குடிமக்களுக்கே உரியது. ஆயினும், உயிரையும் உடலுரிமையையும் காக்கும் 21-ஆம் உறுப்பு ‘குடிமகன்’ எனக் கூறவில்லை. எவரையும் அது காக்கிறது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தி, அவர்களைக் காப்பது அரசின் கடன் என்றது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையிலேயே அகதியின் வாழ்வு ஊசலாடுகிறது.

1920, 1939, 1946 ஆகிய ஆண்டுகளின் பழைய சட்டங்களையும், 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் 2025-இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பாதுகாப்பே அதன் முதன்மை நோக்கம். அத்துடன் வந்த ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை இந்நாட்டில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டும் விசாவும் இன்மைக்கான தண்டனைகளிலிருந்து விலக்கு அளித்தது. பல்லாண்டு கவலை இதனால் தணிந்தது. ஆனால் 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வந்தோர்க்கு அவ்விலக்கு எட்டவில்லை. தண்டனையிலிருந்து விலக்குப் பெறுதலும் குடியுரிமை பெறுதலும் ஒன்றல்ல என்பதையும் அறிக.

பிறப்பால் குடியுரிமை பெறும் விதியும் காலத்தால் இறுகி வந்துள்ளது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்வரை இந்நாட்டில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தோர்க்கு, மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாக நுழைந்தவராக இருத்தலும் ஆகாது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். முகாமில் பிறந்து, நம் பாடநூலையே படித்து, வேலுநாச்சியாரின் வரலாற்றைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறும் சிறுமி, தான் பிறந்த நாட்டின் குடிமகளல்லள். தான் கண்டறியாத நாட்டின் குடிமகளாகக் கருதப்படுகிறாள்.

நற்செய்திகளும் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு, ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றிற்று. அவ்வாண்டில் 108 முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்ந்தனர். 2022 செப்டம்பரில் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. ஒடுங்கிய குடில்களில் பல்லாண்டு வாழ்ந்த குடும்பங்கள் அவ்வீடுகளிற் குடிபுகுந்தன. அங்கிருந்து மேற்கே சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் விருப்பாச்சி. அரசி ஒருவருக்கு எட்டு ஆண்டுகள் இடமளித்த சமவெளி, எளிய குடும்பங்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இடமளித்து வருகிறது.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க தெளிவு மூன்று. முதலாவது, நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அடைக்கல விதியை இறுக்குவது அரசின் உரிமை. அதனைக் கொடுமை என்று வாளா பழித்தல் தகாது. இரண்டாவது, அவ்விறுக்கம் ஆளைப் பார்த்து அமையவேண்டும். கூட்டத்தைப் பார்த்து அமைதல் கூடாது. குற்றமுடையவரைத் தேடிப் பிரித்தெடுப்பது கடினமான வேலை. எல்லாரையும் ஒன்றாக அடைத்தல் எளிய வேலை. எளியதைச் செய்துவிட்டுப் பாதுகாப்புப் பெருகிற்று என எண்ணும் அரசு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது. மூன்றாவது, அச்சத்தின்போது இடப்பட்ட விதி, அச்சம் நீங்கியபின் மீண்டும் ஆராயப்படவேண்டும். இலங்கைப் போர் 2009 மே திங்களில் முடிந்தது. அதற்கு முன் எழுந்த ஐயத்துக்காக, அதற்குப் பின் பிறந்த குழந்தை விலை கொடுப்பது முறையாகாது.

உங்களுள் சிலர் நாளை ஆட்சிப் பணியிலும் காவல் துறையிலும் நீதிமன்றத்திலும் அமர்வீர்கள். ஒரு நாள் உங்கள் மேசைமீது ஒருவருடைய மனு வந்து சேரும். அதில் ஒரு பெயரும், ஒரு படகின் வழியும், ஒரு வேண்டுகோளும் இருக்கும். நாட்டின் நலத்தை மறவாமல் அதனை ஐயத்துடன் படியுங்கள், அது தவறன்று. ஆனால் அந்த மனுவை முழுமையாகப் படியுங்கள். அவர் கூறுவதைச் செவிகொடுத்துக் கேளுங்கள். முடிவுக்குக் காரணம் எழுதுங்கள். அவ்வளவு செய்தாலே நாட்டின் அரணும் நிற்கும், அடைக்கலத்தின் அறமும் நிற்கும்.